மேலதிகாரி பாலியல் தொந்தரவு குடுத்தா எங்க, எப்பிடி முறைப்பாடு போடுற: மட்டக்களப்பு, அம்பாறை அரச கந்தோர்ல வேலை செய்ற பிள்ளைகளுக்கு

டி.எஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்), வலயக் கல்விக் கந்தோர், எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி கந்தோர்), பிரதேச சபை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எண்டு ஏதோ ஒரு அரச வேலையில இருக்கிறீங்க, மேல இருக்கிற ஆள் ராவில மெசேஜ் போடுறார், கையெழுத்துக்குப் போனா கையைப் பிடிக்கிறார், பீல்டுக்குத் தனிய வரச்சொல்றார், யாருட்ட சொல்ற எண்டே தெரியாம இருக்கிறீங்க எண்டா இது உங்களுக்குத்தான். நானும் இதால அலைஞ்சு போய் வந்தவள். எந்தக் கந்தோர், எந்த ஆள் எண்டதெல்லாம் இங்க தேவல்ல. என்ன கடிதம், யாருக்கு, எத்தனை நாளுக்குள்ள எண்டதை மட்டும் சொல்றன், ஏனெண்டா இதை ஒரு இடத்தில வச்சு எனக்குச் சொல்ல ஆள் இருக்கல்ல.

தொடங்க முன்னம் ஒண்டு. கந்தோர் விசாரணை அவர்ட வேலையைப் பற்றினது, பொலிஸ் அவர் செய்த குற்றத்தைப் பற்றினது, மனித உரிமை ஆணைக்குழு உங்கட உரிமையைப் பற்றினது. மூண்டும் வேற வேற. ஒண்டு முடியட்டும் எண்டு மத்ததை ஒத்தி வைக்கத் தேவல்ல, ஒத்தி வைச்சா நட்டம் உங்களுக்குத்தான், அதை 5ல சொல்றன்.

1. எழுதத் தொடங்குங்க, இண்டைக்கே

ஒரு கொப்பி வாங்குங்க. திகதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல்லு அப்பிடியே, நீங்க என்ன சொன்னீங்க, பக்கத்தில யார் இருந்த. "சேர் அசிங்கமா கதைச்சார்" எண்டு எழுதினா விசாரணையில ஒரு பெறுமதியும் இல்ல, என்ன கதைச்சார் எண்டு எழுதணும். எழுதக் கூச்சமா இருக்கும்தான், எனக்கும் கை ஓடல்ல, ஆனா பிறகு விசாரணை அதிகாரி முன்னால அதே சொல்லை வாயால சொல்ல வரும், அப்ப இந்தக் கொப்பி இருந்தா அதைப் பார்த்து வாசிக்கலாம்.

மெசேஜ், வாட்ஸ்அப், மிஸ்ட் கோல் எல்லாம் ஸ்க்ரீன்ஷொட் எடுங்க, நம்பரும் திகதியும் தெரியிற மாதிரி. எடுத்ததை நம்பிக்கையான ஒரு ஆளுக்கு அனுப்பி வைங்க, உங்கட ஈமெயிலுக்கும் போடுங்க. ஆனா ஒரிஜினல் போனை மாத்தவோ ரீசெட் அடிக்கவோ விக்கவோ வேணாம். கோபத்தில போன்ல இருந்த மெசேஜை அழிச்சிட்டு ஸ்க்ரீன்ஷொட் மட்டும் வச்சிருக்கிற ஆக்கள் இருக்காங்க, "இதை நீங்களே செய்திருக்கலாமே" எண்டு கேட்டா அங்க மாட்டுவீங்க. கந்தோர் கம்ப்யூட்டர்ல ஒண்டும் சேமிக்க வேணாம்.

நடந்த அண்டைக்கே யாருட்டயாவது சொல்லுங்க, அக்காட்ட, கூட வேலை செய்ற பிள்ளைட்ட, மாப்பிள்ளைட்ட, யாரானாலும் சரி. "அண்டைக்குப் பின்னேரமே என்னட்டச் சொன்னவ" எண்டு பிறகு ஒராள் சொன்னா அது பெரிய பலம்.

2. உங்கட பைலைக் கொப்பி எடுங்க, முறைப்பாட்டுக்கு முதல்ல

இதை யாரும் சொல்லித்தாறல்ல. முறைப்பாடு போன அடுத்த கிழமையே உங்கட வேலையில திடீரெண்டு பிழைகள் முளைக்கும், பிந்தி வந்தது, ரிப்போர்ட் குடுக்கல்ல, பீல்ட் போகல்ல எண்டு. அதுக்கு முன்னமே இதெல்லாம் போட்டோகொப்பி எடுத்து வீட்டில வைங்க:

நியமனக் கடிதம், நிரந்தரமாக்கின கடிதம் (இன்னும் தகுதிகாண் காலம் எண்டா அதுக்கு அனுப்பின கடிதம்), கடைசி ரெண்டு மூண்டு வருஷ இன்கிரிமென்ட் பேப்பர், செயலாற்றுகை மதிப்பீடு, லீவு பதிவு, உங்களுக்கு வந்த பாராட்டு ஏதும் இருந்தா அதுவும். அதோட உங்கட கடமைப் பட்டியல்.

போன வருஷம் வரைக்கும் "திருப்தி" எண்டு கையெழுத்து வச்ச அதே ஆள், முறைப்பாட்டுக்குப் பிறகு "திருப்தியில்ல" எண்டு வைச்சா, ரெண்டு பேப்பரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சாலே காணும், திகதி கதைக்கும்.

3. யாருக்கு அனுப்புற எண்டு கண்டுபிடிக்கிறது

கனபேர் இதிலதான் மாட்டுற. முறைப்பாடு போக வேண்டியது அவர்ட ஒழுக்காற்று அதிகாரிக்கு, அதாவது அவரை விசாரிச்சு தண்டிக்க அதிகாரம் உள்ள ஆளுக்கு, உங்கட ஒழுக்காற்று அதிகாரிக்கில்ல. அவர் யார்ட சேவை எண்டு பாருங்க.

மாகாண சேவை ஆள் எண்டா (மாகாணப் பள்ளிக்கூட ஆசிரியர், வலயக் கந்தோர், பிரதேச சபை, மாகாண திணைக்களங்கள்) திருகோணமலையில இருக்கிற மாகாண அமைச்சின் செயலாளர், அதுக்கு மேல கிழக்கு மாகாண பொதுச் சேவை ஆணைக்குழு. மத்திய அரசு ஆள் எண்டா (டி.எஸ் ஒபிஸ், கச்சேரி எண்ட மாவட்டச் செயலகம், தேசியப் பாடசாலை, மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரி மாதிரி) திணைக்களத் தலைவர், கொழும்பில அமைச்சின் செயலாளர், அரசாங்க சேவை ஆணைக்குழு. ஒரே கட்டடத்துக்குள்ளயே ரெண்டு வகை ஆக்களும் இருப்பாங்க, அதால கேக்காம அனுப்ப வேணாம். பேர்சனல் பைல் பாக்கிற சப்ஜெக்ட் கிளார்க்குக்கு இது தெரியும், ஆனா எல்லா சப்ஜெக்ட் கிளார்க்குக்கும் வாய் காவல் இல்ல, வேற கந்தோர்ல இருக்கிற ஒராள்ட்டக் கேளுங்க. தொழிற்சங்கத்தில இருந்தா அவங்கட்டயும் கேக்கலாம், ஆனா உங்கட கிளைத் தலைவர் அவர்ட கூட்டாளியா எண்டு முதல்ல பாத்துக்கொள்ளுங்க.

4. கடிதம்

அரச கந்தோர்ல எல்லாக் கடிதமும் தலைவர் "ஊடாக" போகணும் எண்டு சொல்லுவாங்க. தலைவர்தான் தொந்தரவு தந்த ஆள் எண்டா அந்தக் கடிதம் அவர்ட லாச்சிக்குள்ளதான் படுக்கும். அதால நேரடியா மேல அனுப்புங்க, கடிதத்திலயே ஒரு வரி போடுங்க: "முறைப்பாடு நிறுவனத் தலைவருக்கு எதிரானது எண்டதால் நேரடியாக அனுப்புகிறேன்" எண்டு. தலைவர் வேற ஆள், தொந்தரவு தந்தது இடையில இருக்கிற ஆள் எண்டா, தலைவர் ஊடாக ஒண்டும், அதே கடிதத்தில முற்பிரதி ஒண்டு மேல நேரடியாவும் அனுப்புங்க.

கடிதத்தில இருக்க வேண்டியது: உங்கட பேர், பதவி, எப்ப இருந்து அங்க வேலை. அவர்ட பேர், பதவி. சம்பவங்கள் திகதி வரிசையில, நம்பர் போட்டு. சாட்சி யார். என்ன ஆதாரம் இணைச்சிருக்கிறீங்க. கடைசியில என்ன கேக்கிறீங்க: ஆரம்ப விசாரணை நடத்தணும், விசாரணை முடியுமட்டும் அவர் உங்களை மேற்பார்வை செய்யக்கூடாது, உங்கட மதிப்பீட்டிலயும் இன்கிரிமென்ட்டிலயும் அவர் கையெழுத்து வைக்கக்கூடாது, விசாரணைக் குழுவில பொம்புள ஆள் இருக்கணும். கேக்காட்டி யாரும் தானா செய்யமாட்டாங்க.

"நீதி கிடைக்க வேண்டும், பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, கண்ணீரோடு எழுதுகிறேன்" எண்டெல்லாம் ரெண்டு பக்கம் வேணாம். ரெண்டு பக்கத்துக்குள்ள சம்பவம் மட்டும். உங்கட தமிழ்லயே எழுதுங்க, வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ்தான், கொழும்புக்குப் போற கடிதமும் தமிழ்ல போகலாம்.

அனுப்பேக்க பதிவுத் தபால்ல போடுங்க, ரசீதைக் கொப்பியில ஒட்டி வைங்க. கையில குடுக்கிறீங்க எண்டா ரெண்டு பிரதி கொண்டுபோங்க, ஒண்டில திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்காம வெளிக்கிட வேணாம். கவுண்டர்ல இருக்கிறவர் "வைச்சிட்டுப் போங்க மிஸ், நான் அடிச்சுத் தாறன்" எண்டு சொல்லுவார், சிரிச்சுக்கொண்டே "பரவாயில்ல தம்பி, நிக்கிறன்" எண்டு நில்லுங்க. சீல் பேட்ல மை இல்ல, சேர் வரட்டும், நாளைக்கு வாங்க எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுவாங்க. கடிதம் கிடைச்சதே இல்ல எண்டு பிறகு சொல்றதுக்கு இடம் வைக்கப்படாது, அவ்வளவுதான் விசயம்.

மொட்டைப் பெட்டிசன் போட வேணாம். பேர் இல்லாத கடிதத்தில பெரும்பாலும் ஒண்டும் நடக்காது, ஆனா யார் எழுதின எண்டு கந்தோரே தேடும், அவர் உஷாராகி மெசேஜ் எல்லாம் அழிச்சிடுவார்.

பேஸ்புக்கும் வேணாம். மனசு ஆறும் எண்டு எனக்கும் விளங்குது, ஆனா அரச உத்தியோகத்தர் அனுமதி இல்லாம கந்தோர் விசயம் வெளியில கதைச்சா தாபன விதிக்கோவையை (அரச உத்தியோகத்தருக்கான விதிப் புத்தகம்) தூக்கி உங்கட மேலயே ஒழுக்காற்று எடுக்க ஏலும், அவர் பக்கத்தில இருந்து மானநட்ட வழக்கும் வரலாம்.

5. ஒரு மாசக் கணக்கு

இதைத்தான் ரெண்டு தரம் வாசிக்கச் சொல்றன். அரச அதிகாரி பதவியைப் பாவிச்சு செய்தது அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்தில வழக்குப் போட ஏலும், அரசியலமைப்பில 126ம் உறுப்புரை. ஆனா மீறல் நடந்து ஒரு மாசத்துக்குள்ள போடணும். திணைக்களத்துக்குக் கடிதம் போட்டு "விசாரிக்கிறம்" எண்டு அவங்க சொல்லி நீங்க பொறுத்திருந்தா அந்த ஒரு மாசம் பறந்திடும், கடிதம் அதை நிப்பாட்டாது.

நிப்பாட்டுறதுக்கு ஒரு வழி இருக்கு. அதே ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது, 1996ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்தில 13ம் பிரிவு. மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் பிராந்தியக் கந்தோர் இருக்கு, கொழும்புக்குப் போகத் தேவல்ல, காசும் இல்ல. அவசரம் எண்டா 1996 எண்ட நம்பருக்கு அடிக்கலாம். முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்க, விசாரணை நடக்குது எண்டதுக்கு அவங்க அனுப்புற ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்க. முறைப்பாடு குடுத்திட்டு வருசக்கணக்கா எட்டிப் பாக்காம இருந்திட்டு பிறகு வழக்குக்குப் போனா, அங்க உண்மையிலயே விசாரணை நடந்ததா எண்டு கேப்பாங்க.

உயர் நீதிமன்ற வழக்குக்குப் போறீங்களோ இல்லையோ தெரியாது, கனபேர் போகமாட்டாங்க, கொழும்பு லோயர் செலவு அப்பிடி. ஆனா கதவைத் திறந்து வைக்கிறதுக்குச் செலவு ஒரு பின்னேரமும் பஸ் காசும்தான்.

பழசாகிட்டே, மாசம் தாண்டிட்டே எண்டா மனம் விட வேணாம். கந்தோர் முறைப்பாட்டையும் பொலிசையும் இந்த ஒரு மாசம் கட்டுப்படுத்தாது. புதுசா ஒரு சம்பவமோ பழிவாங்கலோ நடந்தா, அதுக்கு வேறயா ஒரு மாசம் இருக்கா எண்டு லோயர்ட்ட உடன கேளுங்க.

6. பொலிஸ்

தண்டனைச் சட்டக்கோவை 345ம் பிரிவு. 1995ல திருத்தின பிறகு, சொல்லாலயோ செயலாலயோ பாலியல் தொந்தரவு குடுத்தாலே குற்றம், தொட்டுத்தான் இருக்கணும் எண்டில்ல. வேலை செய்ற இடத்தில அதிகாரத்தில இருக்கிற ஆள் விருப்பமில்லாத பாலியல் சேட்டை செய்தா அதுவும் இதுக்குள்ள வரும் எண்டு சட்டத்திலயே விளக்கம் போட்டிருக்கு. 5 வருஷம் வரைக்கும் சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது ரெண்டும். நட்டஈடும் குடுக்கச் சொல்லி கோட் உத்தரவு போடலாம். ஆம்பிளைகளுக்கும் இதே சட்டம்தான், தம்பிமார் இதை வாசிச்சா நீங்களும் போகலாம்.

சம்பவம் நடந்த இடத்துப் பொலிசுக்குப் போங்க, சிறுவர் பெண்கள் பிரிவு எங்க எண்டு கேளுங்க, பொம்புளப் பொலிஸ்தான் வாக்குமூலம் எடுக்கணும் எண்டு சொல்லுங்க. தனியப் போக வேணாம். எழுதின கடிதத்தில ஒரு கொப்பி கொண்டுபோனா, சொல்ல மறந்தது விடுபடாது.

மொழி விசயத்தில கவனம். அம்பாறை டவுன்ல மட்டுமில்ல, நம்மட பக்கத்திலயும் சில நேரம் நீங்க தமிழ்ல சொல்ல அவங்க சிங்களத்தில எழுதுவாங்க, "இதில சைன் போடுங்க" எண்டு புத்தகத்தைத் திருப்பி நீட்டுவாங்க. விளங்காத மொழியில எழுதினதுக்குக் கையெழுத்து வைக்க வேணாம். தமிழ்ல எழுதச் சொல்லுங்க, ஆள் இல்ல எண்டா வரும்வரைக்கும் இருக்கிறன் எண்டு சொல்லுங்க. "கையைப் பிடித்து இழுத்தார்" எண்டது எழுத்தில "வாய்த்தர்க்கம்" எண்டு மாறிக் கிடக்கும், பிறகு அதைத் திருத்துறது லேசில்ல. முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் எழுதி வாங்குங்க.

உடம்பில காயம், அதுக்கும் மேல ஏதும் நடந்திருந்தா பொலிசுக்கு முன்னம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், குளிக்காம, உடுப்பு மாத்தினா அதைத் துவைக்காம கடதாசிப் பையில கொண்டுபோங்க. சட்ட வைத்திய அதிகாரி பாத்து எழுதுவார். பெரிய அரச ஆஸ்பத்திரிகள்ல "நட்பு நிலையம்" எண்டு ஒரு பகுதி இருக்கு, இதுக்கெண்டே பயிற்சி எடுத்த ஆக்கள் இருப்பாங்க.

பொலிஸ் புத்தகத்தில போட மறுத்தா, "சும்மா சமாதானமாப் போங்க மிஸ், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" எண்டு சொன்னா, எஸ்.பி கந்தோருக்கு எழுத்தில குடுங்க, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு கொப்பி.

7. வேலைக்குப் பதிலா படுக்கை கேட்டா

ட்ரான்ஸ்பர் தாறன், நிரந்தரமாக்கிறன், பைலை அனுப்புறன், ஆனா இப்பிடி வரணும் எண்டு கேட்டா அது தொந்தரவு மட்டுமில்ல, லஞ்சம். 2023ம் ஆண்டு 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில பாலியல் லஞ்சத்தையும் சேத்திருக்காங்க. லஞ்ச ஊழல் ஆணைக்குழு நம்பர் 1954. உங்கட கந்தோர்ல வேலை செய்யாத ஆக்கள், விதவைக் கொடுப்பனவுக்கோ காணி உறுதிக்கோ வாற அக்காமாரும் இதில முறைப்பாடு செய்யலாம், அவங்களுக்கும் சொல்லுங்க.

8. விசாரணைக்குக் கூப்பிட்டா

முதல்ல ஆரம்ப விசாரணை. ஒண்டு ரெண்டு அதிகாரிமார் வருவாங்க, உங்கட்டயும் சாட்சிகள்ட்டயும் வாக்குமூலம் எடுப்பாங்க. அதில விசயம் இருக்கு எண்டு கண்டா அவருக்குக் குற்றப்பத்திரம், அவர்ட பதில், பிறகு முறையான ஒழுக்காற்று விசாரணை. அந்தப் பெரிய விசாரணையில நீங்க வெறும் சாட்சி, கட்சிக்காரர் இல்ல. அவர் பக்கம் கதைக்க ஒராள் இருப்பார், அவர் உங்களைக் குறுக்குக் கேள்வி கேப்பார், ஏன் அண்டைக்கே சொல்லல்ல, ஏன் ரிப்ளை போட்டீங்க, ஏன் தனியப் போனீங்க எண்டு. "அவர் என்ர மேலதிகாரி, போகாட்டி வேலைக்குப் பிரச்சினை" எண்டதே பதில். இதுக்கு மேல விளக்கம் குடுத்து இழுபட வேணாம்.

அழைப்புக் கடிதம் எழுத்தில கேளுங்க, அதை லீவு விண்ணப்பத்தோட இணைங்க, இல்லாட்டி உங்கட 21 நாள் கசுவல் லீவில கழிச்சிடுவாங்க. விசாரணை அவர்ட அறையில, அவர்ட கதிரைக்கு முன்னால வைச்சா அங்க இருக்க முடியாது எண்டு எழுத்தில குடுத்து வேற இடம் கேளுங்க. வாக்குமூலத்தை முழுக்க வாசிச்சு, ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்து, கொப்பி கேளுங்க.

எவ்வளவு காலம்? கெட்ட செய்திதான், மாசங்கள் இல்ல, வருசக்கணக்கா இழுபடலாம். அதுக்கேத்த மாதிரி மனசைத் தயார்படுத்திக்கொண்டு வெளிக்கிடுங்க.

9. "உங்கட நல்லதுக்குத்தான்" எண்டு ட்ரான்ஸ்பர்

அநேகமா முதல் தீர்வா வாறது உங்களை மாத்துறது. களுவாஞ்சிக்குடி ஆளை வாகரைக்கு, கல்முனை ஆளை பொத்துவிலுக்கு. வாயால சரி எண்டு சொல்லாதீங்க. உங்களுக்கு விருப்பமில்லாட்டி "நான் கேக்கல்ல, முறைப்பாட்டாளரான என்னை மாத்தாம அவரை மாத்துங்க" எண்டு எழுத்தில. உண்மையிலயே அங்க இருக்க ஏலாது, மாறிப் போனாத்தான் நித்திரை வரும் எண்டா போங்க, அது தோல்வியில்ல, ஆனா கடிதத்தில "முறைப்பாட்டைக் கைவிடல்ல, விசாரணை தொடரணும்" எண்ட வரி இருக்கணும்.

பிறகு வீட்டுக்கு ஆள் வரும். அவர்ட மனிசி, கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்கார், உங்கட மாமா முறையான ஒராள். தேத்தண்ணி குடுங்க, கேளுங்க, ஒரு பேப்பர்லயும் கையெழுத்து வைக்க வேணாம். மிரட்டினா கொப்பியில எழுதி உடன பொலிசுக்கு, சாட்சியை மிரட்டுறது 2023ம் ஆண்டு 10ம் இலக்க, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கிற சட்டத்தின் கீழ தனிக் குற்றம்.

10. காசும் துணையும்

பொலிஸ், மனித உரிமை ஆணைக்குழு, லஞ்ச ஆணைக்குழு, கந்தோர் முறைப்பாடு எல்லாம் இலவசம். உங்களுக்குச் செலவு போட்டோகொப்பி, பதிவுத் தபால், திருகோணமலைக்கோ கொழும்புக்கோ பஸ், லோயரை வைச்சா அவர்ட பீஸ். குறைஞ்ச வருமானம் எண்டா சட்ட உதவி ஆணைக்குழுவில கேளுங்க, சம்பளக் கணக்குப் பாத்துத்தான் வழக்கெடுப்பாங்க, ஆனா ஆலோசனை கேட்டுப் போறதில பிழையில்ல, சம்பளப் பட்டியலும் அடையாள அட்டையும் கொண்டுபோங்க.

கதைக்க ஆள் வேணும் எண்டா 1938, பெண்களுக்கான உதவி நம்பர். மட்டக்களப்பில சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் கனகாலமா இந்த வேலை செய்ற. டி.எஸ் ஒபிஸ்ல பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்காங்க, ஆனா பிரச்சினை அதே டி.எஸ் ஒபிஸ்ல எண்டா வேற பிரதேசத்து ஆள்ட்டப் போங்க.

11. இழுத்தடிச்சா ஆர்.டி.ஐ

மூண்டு மாசமா சத்தமில்லாட்டி தகவல் அறியும் சட்டத்தில, 2016ம் ஆண்டு 12ம் இலக்கம், அந்தத் திணைக்களத்துத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்க. ஏன் எண்டு காரணம் சொல்லத் தேவல்ல, விண்ணப்பத்துக்குக் காசும் இல்ல. கேள்வி இப்பிடி இருக்கட்டும்: என்ர இந்தத் திகதிக் கடிதம் எப்ப கிடைச்ச, எந்தக் கோவையில இருக்கு, ஆரம்ப விசாரணைக்கு யாரை எப்ப நியமிச்ச, அறிக்கை எப்ப கையளிச்ச. "ஏன் நடவடிக்கை எடுக்கல்ல" எண்டு கேட்டா அது தகவல் இல்ல எண்டு திருப்பி அனுப்புவாங்க, திகதியும் பேப்பரும் மட்டும் கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். சொல்லாட்டி அதே திணைக்களத்துக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதை 14 நாளுக்குள்ள போடணும், அங்கயும் சரிவராட்டி கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, அங்க போட ரெண்டு மாசம் இருக்கு.

எங்கட பக்கத்தில நான் கண்டது, கடிதத்துக்கு அசையாத பைல் ஆர்.டி.ஐ போன உடன அசையும், ஏனெண்டா இப்ப பதில் எழுதுற தகவல் அலுவலர் தன்ர பேரைப் போட வேணும். விண்ணப்பத்திலயும் ஒரு கொப்பி முத்திரை அடிச்சு வாங்கிக்கொள்ளுங்க.